சீருக்குக் கிரைண்டர் வாங்கப் போறீங்களா?

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பும் கடன் வசூலும் முடிந்ததும் அடுத்த பேச்சு என்ன? "மகளுக்குச் சீர் வாங்கணும்", "நாத்தனார் மகளுக்கு ஏதாவது பெரிசா செய்யணும்", "நம்ம குழுவில ஒரு பொண்ணுக்குக் கல்யாணம், எல்லாரும் சேர்ந்து என்ன கொடுக்கலாம்?" இதுதானே. பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் முதலிடத்தில் இருந்த காலம் போய், இப்போது அந்த இடத்தில் மிக்சியும் கிரைண்டரும் உட்கார்ந்திருக்கின்றன. அதிலும் கிரைண்டர் என்றால் சீர்த் தட்டுகளுக்கு நடுவில் எடுப்பாகத் தெரியும். சபையில் நம் பெயர் சொல்லும்.

ஆனால் சகோதரிகளே, ஒன்று யோசித்துப் பாருங்க. தட்டும் தம்ளரும் பிடிக்கவில்லை என்றால் பரணில் ஏற்றிவிடலாம். சேலை பிடிக்கவில்லை என்றால் வேறு யாருக்காவது வைத்துக் கொடுத்துவிடலாம். கிரைண்டரை அப்படிச் செய்ய முடியாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு அது ஒரு பெண்ணின் கையோடும் இடுப்போடும் இருக்கப் போகிற பொருள். மாவு ஆட்டுவது அவள், கல்லைக் கழுவுவது அவள், ரிப்பேர் ஆனால் ஆட்டோ பிடித்துக் கடைக்குக் கொண்டு போவதும் பெரும்பாலும் அவள்தான். வாங்கிக் கொடுக்கிற நாம் அதைப் பார்ப்பது கடையில் அரைமணி நேரம். அந்த அரைமணியில் நம் கண் எங்கே போகிறது? பெட்டி எவ்வளவு பெரிசு, என்ன கலர், எத்தனை கல், தேங்காய் துருவி இலவசமா என்பதில்தான். அதைத் தூக்கி இறக்கப் போகிறவளைப் பற்றிக் கடையில் ஒரு கேள்வியும் வருவதில்லை.

அதனால் இந்த மாதம் கிரைண்டரைப் பற்றியே பேசுவோம்.

முதல்ல கேளுங்க

கடைக்குப் போவதற்கு முன்னால் பெண்ணிடமே கேட்டுவிடுங்க. "கேட்டா சர்ப்ரைஸ் போயிடுமே அக்கா" என்பார்கள் சின்னப் பிள்ளைகள். போகட்டும். ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்ப் பொருளில் சர்ப்ரைஸ் எதற்கு? ஒரு புடவையை வேண்டுமானால் மறைத்து வைத்துக் கொடுங்க.

முதல் கேள்வி, அந்த வீட்டில் கிரைண்டர் ஏற்கெனவே இருக்கிறதா என்பது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். ரேஷன் கார்டு வைத்திருந்த ஏராளமான வீடுகளுக்கு அப்போது கிரைண்டர் வந்தது. அதில் சில இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாமியார் வீட்டில் அப்படி ஒன்று ஓடும்போது, தாய்மாமன் சீரில் ஒன்று வந்து, சித்தப்பா வீட்டில் ஒன்று கொடுத்து, நாமும் ஒன்றைக் கொண்டு போய் வைத்தால் என்ன ஆகும்? ஒன்று கட்டிலுக்கு அடியில் போகும். இன்னொன்று பெட்டி பிரிக்காமலே பாதி விலைக்குப் போகும். நம் உறவுக்காரர்களுக்குள் யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்து, எத்தனை பேர் சாப்பிடுகிற வீடு? ஃபிரிட்ஜ் இருக்கிறதா? வாடகை வீடா, சொந்த வீடா? மாடியில் குடியிருக்கப் போகிறார்களா? சமையலறையில் திண்டு இருக்கிறதா, தரையில் உட்கார்ந்து ஆட்டுகிற வழக்கமா? அங்கே மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கிறதா? கடைசியாக, மாவு ஆட்டப் போவது யார், அவர் உடம்பு எப்படி? இந்தப் பதில்கள் கையில் இருந்தால் கடைக்காரர் சொல்வதில் பாதியைக் கேட்கவே வேண்டாம்.

லிட்டர் கணக்கு

பெட்டியில் 2 லிட்டர் என்று போட்டிருப்பது பாத்திரத்தின் கொள்ளளவு. இரண்டு கிலோ அரிசி போடலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஊறின அரிசியும், ஊற்றுகிற தண்ணீரும், உள்ளே சுற்றுகிற கல்லும் அதே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 2 லிட்டர் கிரைண்டரில் ஒரு தடவைக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ அரிசி வரை போடலாம். உளுந்து என்றால் கால் கிலோவே போதும். அது பொங்கிப் பொங்கி மேலே வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்கிற கணக்கில், ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் ஆட்டினால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது இரண்டு மூன்று நாள் மாவு. ஆக ஒரு சாதாரண குடும்பத்துக்கு 2 லிட்டர் தாராளம். புதுசாகத் தனிக்குடித்தனம் போகிற இரண்டு பேருக்கு ஒன்றே கால், ஒன்றரை லிட்டர் போதும்.

"பிள்ளை குட்டி ஆனா பெரிசா வேணுமே, இப்பவே மூணு லிட்டரா வாங்கிடலாம்" என்று ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். இங்கேதான் கவனம் வேண்டும். பெரிய கிரைண்டரில் கொஞ்சமாக ஆட்ட முடியாது. இரண்டு ஆழாக்கு அரிசியைப் போட்டால் அது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், கல்லுக்கு அடியில் வராது. நின்று நின்று கையால் வழித்து விட வேண்டும், அல்லது கல்லுக்கு வேண்டும் என்பதற்காக அரிசியைக் கூட்டிப் போட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அந்த மாவு மூன்றாம் நாள் புளித்து வழியும். பெரிசாக வாங்கிக் கொடுத்ததால் அவளுக்கு வேலையும் கூடுகிறது, மாவும் வீணாகிறது. ஃபிரிட்ஜ் இல்லை என்று தெரிந்தால் கண்டிப்பாகச் சின்னதாகவே வாங்குங்க.

தூக்கறதா, சாய்க்கறதா?

வீட்டுக் கிரைண்டரில் இப்போது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, டேபிள் டாப். இதில் மாவு ஆட்டி முடித்ததும் கல்லோடு பாத்திரத்தை அப்படியே மேலே தூக்கி எடுக்க வேண்டும். இன்னொன்று சாய்க்கும் கிரைண்டர், ‘டில்ட்டிங்’ என்று சொல்வார்கள். இதில் பாத்திரம் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். கைப்பிடியைப் பிடித்துச் சாய்த்தால் மாவு கீழே வைத்த பாத்திரத்தில் விழும். பழைய ஓட்டல் கிரைண்டர் போல அசையாமல் நிற்கிற பெரிய வகையும் உண்டு. அது நம் வீட்டுப் பேச்சுக்கு வேண்டாம்.

கடையில் பார்த்தால் டேபிள் டாப்தான் வடிவாக இருக்கும். இடம் அடைக்காது, விலையும் குறைவு. சீராகக் கொடுப்பதில் பெரும்பாலும் இதுதான். ஆனால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்க: "அண்ணே, மூடியைத் திறங்க, நான் பாத்திரத்தைத் தூக்கிப் பார்க்கிறேன்." கல்லோடு தூக்கிப் பாருங்க. அது வெறும் பாத்திரம். வீட்டில் அதனுள் இரண்டு மூன்று கிலோ மாவும் இருக்கும். வழுக்கும். ஈரக் கையோடு, இடுப்பை வளைத்துத் தூக்க வேண்டும். அப்புறம் மாவுக்குள் கையை விட்டு உருளைக்கல்லை எடுத்துக் கழுவி, பாத்திரத்தைத் தூக்கித் தொட்டிக்குக் கொண்டு போக வேண்டும்.

இருபத்தைந்து வயதில் இது ஒரு பாரமே இல்லை என்று தோன்றும். சரிதான். ஆனால் கல்யாணச் சீராக வருகிற கிரைண்டர் அந்தப் பெண்ணின் பிரசவ காலத்தையும் பார்க்கப் போகிறது. சிசேரியன் ஆன பெண்ணைக் கொஞ்ச காலத்துக்குக் கனமான பொருளைத் தூக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் அதே பேச்சுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் சீர் கிரைண்டர் காத்திருக்கிறது. நம் குழுக்களில் கர்ப்பப்பை இறங்கின தொந்தரவை வெளியே சொல்லாமல் நடமாடுகிற அக்காமார் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, இப்படிக் கனம் தூக்கத் தூக்க அந்தத் தொந்தரவு கூடும். கிரைண்டர் பாத்திரமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

அதனால் என் யோசனை இது. ஐம்பதைத் தாண்டிய அம்மாவுக்கோ, இடுப்பு வலி, கர்ப்பப்பைத் தொந்தரவு உள்ளவருக்கோ, மூட்டு வலி உள்ள மாமியார் மாவு ஆட்டுகிற வீட்டுக்கோ வாங்குவதாக இருந்தால், கொஞ்சம் கூடப் பணம் போனாலும் சாய்க்கும் கிரைண்டரே நல்லது. கூடுதலாகக் கொடுக்கிற பணம் அந்தக் கைப்பிடிக்குத்தான். அது பதினைந்து வருஷத்துக்கு அவரைக் குனிந்து தூக்காமல் காப்பாற்றும். ஆனால் ஒன்று, சாய்க்கும் கிரைண்டர் மொத்த எடை அதிகம். வைத்த இடத்தை அடிக்கடி மாற்ற முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், ஒற்றை அறை வாடகை வீட்டில், வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிற தம்பதிக்கு அது தலைவலி. அவர்களுக்குச் சின்ன டேபிள் டாப்தான் பொருந்தும்.

டேபிள் டாப்பே வாங்கினாலும் தூக்குவதைக் குறைக்க வழி இருக்கிறது. பாத்திரத்தை எடுக்காமலே, நிறுத்திவிட்டு முதலில் கரண்டியால் மாவை வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு கல்லைத் தனியாக எடுக்க வேண்டும். கடைசியில் காலிப் பாத்திரத்தை எடுக்கலாம். கொஞ்சம் நேரம் கூடும், இடுப்பு தப்பிக்கும். கிரைண்டரை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். தரையிலிருந்து தூக்குவதைவிட இடுப்பு உயரத் திண்டிலிருந்து எடுப்பது எவ்வளவோ சுலபம்.

மிக்சி போதாதா?

"ஒரே மிக்சியில எல்லாம் அரைச்சுக்கலாமே, தனியா கிரைண்டர் எதுக்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் வீட்டுக்கு அதுவும் ஒரு வழிதான். ஆனால் மிக்சி பிளேடு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி வெட்டுகிறது. ஜாரைத் தொட்டுப் பாருங்க, சுடும். கிரைண்டரில் கல் மெதுவாக உருண்டு நசுக்குகிறது. மாவு சூடாவது குறைவு, ஆட்ட ஆட்டக் காற்றும் உள்ளே சேர்கிறது. உளுந்தில் உள்ள பசை அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இட்லி பூப்போல வருவது அதனால்தான். ஆட்டின உளுந்து மாவை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும் என்று பாட்டி சொல்வாரே, அது சரியான பரிசோதனை.

கரண்டுச் செலவைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. கணக்கைப் பாருங்க. 150 வாட் கிரைண்டர் 40 நிமிஷம் ஓடினால் 0.1 யூனிட். 750 வாட் மிக்சி 8 நிமிஷம் ஓடினாலும் அதே 0.1 யூனிட். இரண்டும் ஒன்றுதான்.

கோயம்புத்தூரில் 1955ல் பி. சபாபதி என்பவர் முதல் மின்சாரக் கிரைண்டரைச் செய்தார் என்று சொல்கிறார்கள். நம் பாட்டிமார் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து ஒரு கையால் குழவியைச் சுற்றி, இன்னொரு கையால் மாவைத் தள்ளிவிட்ட நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். கோயம்புத்தூர் கிரைண்டருக்கு 2005-06ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்றைக்கும் கல்லும் பெல்ட்டும் மோட்டாரும் செய்கிற பட்டறைகள் அந்தப் பக்கம் நிறைய. பெரிய விளம்பரம் இல்லாத கோவைத் தயாரிப்பு என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீங்க. உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடையில எதைப் பார்க்கணும்?

ஒரு கல், இரண்டு கல், மூன்று கல் என்று வரும். மூன்று கல் என்றால் மூன்று மடங்கு வேகம் என்று அர்த்தம் இல்லை. கழுவ வேண்டிய கல் மூன்று என்பது மட்டும் நிச்சயம்! கல்லின் எண்ணிக்கையைவிட, அது அடிக்கல்லோடு இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா, கையால் சுற்றினால் தடங்காமல் உருள்கிறதா என்று பாருங்க.

அடுத்து, பாத்திரத்தின் அடியில் கல்லும் எவர்சில்வரும் சேருகிற இடத்தில் விரலை வைத்துச் சுற்றித் தடவுங்க. அங்கே பள்ளமோ இடுக்கோ இருந்தால் மாவு போய் உட்காரும். எவ்வளவு கழுவினாலும் இரண்டு நாளில் புளித்த வாடை வரும். நடுவில் நிற்கிற தண்டு உயரமாக இருக்கிறதா பாருங்க. உளுந்து பொங்கும்போது தண்டு குட்டையாக இருந்தால் மாவு அதன் வழியாக உள்ளே இறங்கும். பிறகு மோட்டார் ரிப்பேர்தான்.

தேங்காய் துருவி, சப்பாத்தி மாவு பிசையும் கருவி கூடவே வரும். சப்பாத்தி அடிக்கடி சுடுகிற வீட்டுக்குப் பிசையும் கருவி உண்மையாகவே உதவும். தேங்காய் துருவி நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் டப்பாவிலேயே இருக்கிறது. இவற்றுக்காக மட்டும் ஐநூறு, ஆயிரம் கூடக் கொடுக்க வேண்டாம்.

பெட்டியின் மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருஷம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய நம்பர் எல்லாம் அச்சடித்திருக்க வேண்டும். இது சட்டம். ஒன்றும் இல்லாமல் ஒரு படம் மட்டும் போட்ட பெட்டியை ‘கல்யாண ஆஃபர்’ என்று குவித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் போகாதீங்க.

சர்வீஸ் விஷயத்தில் நாம் எல்லாரும் ஒன்றை மறந்துவிடுகிறோம். நம் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்கிறோம். பொண்ணு வாக்கப்பட்டுப் போகிற ஊரில் இருக்கிறதா என்றல்லவா கேட்க வேண்டும்? பெல்ட் அறுந்தால் அங்கே கிடைக்குமா? கல் தேய்ந்து வழவழ என்று ஆனால் கொத்திக் கொடுக்க ஆள் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் பெயர் தெரியாத கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை.

கரண்டு விஷயம்

கிரைண்டர் ஈரத்தில் ஓடுகிற இயந்திரம். ஈரக் கை, ஈரத் தரை, பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம். அதனால் மூன்று முள் பிளக்கும் எர்த்தும் கட்டாயம் வேண்டும். அந்த மூன்றாவது தடித்த முள் சும்மா இல்லை. உள்ளே வயர் பழுதாகி உடம்பில் கரண்டு பாய்ந்தால் அதைத் தரைக்குக் கொண்டு போவது அதுதான். மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளையில் சொருகுவதும், வயரை உரித்து நேரே சொருகித் தீக்குச்சி வைத்து அடைப்பதும் உயிரோடு விளையாடுவது. அந்த வீட்டில் எர்த் உள்ள பாயிண்ட் இல்லை என்று தெரிந்தால், சீர்ப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பிளக் பாயிண்டும் எர்த்தும் போட்டுக் கொடுங்க. மேடையில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் அதுவும் சீர்தான்.

கிராமத்தில் சாயங்காலம் வோல்டேஜ் குறைவது புதிதல்ல. அப்போது கிரைண்டரைப் போட்டால் மோட்டார் சுற்றாமல் முனகும். அப்படி முனகினால் உடனே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சுற்றிய கம்பி கருகிவிடும். அரிசி முழுவதையும் போட்டு நிரப்பிவிட்டு ஸ்விட்சைப் போடுவதும் மோட்டாருக்குப் பகை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஓட விட்டு, கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். ஓடும்போது கையை உள்ளே விடக்கூடாது. முந்தானையைச் சொருகிக்கொண்டு, பின்னலைத் தூக்கி முடிந்துகொண்டு நிற்க வேண்டும்.

பில்லு யார்கிட்ட இருக்கணும்?

பொருள் அவளிடம், பில் நம் பீரோவில். இதுதான் வழக்கமாக நடக்கிறது. எட்டு மாதம் கழித்து மோட்டார் போனால் பில்லும் இருக்காது, வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் இருக்காது. வாங்கின அன்றைக்கே அட்டையில் தேதி போட்டு முத்திரை வாங்குங்க. கிரைண்டரில் உள்ள வரிசை எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்க. பில்லைப் பெண்ணின் பெயரிலேயே போடச் சொன்னால் இன்னும் நல்லது. பில் மங்கிப் போகிற காகிதமாக இருந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வையுங்க.

பில் நம் பெயரில் இருந்தாலும் அவளுக்கு உரிமை இல்லாமல் போகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, வாங்கியவர் மட்டும் நுகர்வோர் இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். ஆக, சீராகப் பெற்ற பெண்ணே நேரடியாகப் புகார் செய்யலாம். முதலில் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். தீரவில்லை என்றால் அவள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். வாங்கின ஊருக்கு அலைய வேண்டியதில்லை. குறை ஏற்பட்டு இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.

இதில் ஒரு எச்சரிக்கை. வீட்டுக் கிரைண்டரில் மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். நல்ல நினைப்புதான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு என்று விற்ற இயந்திரத்தைத் தொழிலுக்கு ஓட்டினால் வாரண்டி கிடையாது என்று பல கம்பெனிகள் அட்டையிலேயே அச்சடித்திருக்கின்றன. தினம் பத்துக் கிலோ ஆட்டுவதற்கு அந்த மோட்டாரும் தாங்காது. பெண்ணுக்குத் தொழில் எண்ணம் இருந்தால் இந்தப் பணத்தை அவள் கையில் கொடுத்து, தொழில் கிரைண்டருக்குக் கடன் வாங்க அது முன்பணமாக இருக்கட்டும். மாவு விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்க.

இன்னொரு விஷயத்தையும் பேசாமல் இருக்க முடியாது. நாமாக ஆசைப்பட்டுக் கொடுப்பது சீர். "ரெண்டு லிட்டர், இந்தக் கம்பெனி, இந்தக் கலர்தான் வேணும்" என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பட்டியல் வந்தால் அதற்குச் சீர் என்று பெயர் இல்லை. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி கேட்பதும், வாங்குவதும், கொடுப்பதும் குற்றம். கேட்காமல் கொடுக்கிற பரிசுக்கும் 1985ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பட்டியல் எழுத வேண்டும். என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணுக்கு வந்த பரிசுகளின் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுத ஆள் போடுகிறோம். இதற்கு ஒரு தாள் ஒதுக்க மறந்துவிடுகிறோம்.

அந்தத் தாள் எதற்கு உதவும்? சண்டை சச்சரவு என்று வந்து பெண் வெளியே நிற்கும்போது, "இது எங்க வீட்டுச் சாமான்" என்று கிரைண்டரைக்கூட எடுக்கவிடாமல் கதவைச் சாத்திய கதை நம் கூட்டமைப்பில் பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறது. பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து என்று 1985ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கணவர் வீட்டில் இருக்கிறது என்பதாலேயே அது அவர்களுடையது ஆகிவிடாது. பட்டியலும் பில்லும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பணத்துக்கு என்ன வழி?

குழுவாகச் சேர்ந்து கொடுப்பதாக இருந்தால் தனியாக வசூல் பண்ணுங்க. 12 பேர் ஆளுக்கு 400 ரூபாய் என்றால் 4,800 ஆகிவிடும். குழுவின் சேமிப்பிலோ சுழல் நிதியிலோ கை வைக்க வேண்டாம். ஒரு பெண்ணுக்குச் செய்தால் அடுத்த பெண்ணுக்கும் செய்ய வேண்டி வரும், வருத்தம் வரும். எல்லாருக்கும் ஒரே அளவு என்று முதலிலேயே பேசி, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்க.

தனியாக வாங்குகிறவர்கள் கடையில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் ஆவணக் கட்டணம் என்று முதலிலேயே எடுப்பார்கள். ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அபராதம் தனி. அதே 6,000 ரூபாயைக் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் உள்கடனாக வாங்கி, மாதம் ஆயிரம் வீதம் ஆறு மாதத்தில் கட்டினால் மொத்த வட்டி 60, 50, 40, 30, 20, 10 என்று 210 ரூபாய். அதுவும் நம் குழுவுக்கே வருகிறது. கடைக்காரரிடம் முழுப் பணத்தை எண்ணி வைத்தால் விலையைக் குறைத்துப் பேசவும் முடியும்.

வாங்கியாச்சு, பெட்டியைக் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. புதுக் கல்லில் தூள் இருக்கும். கொடுக்கிற பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஒரு சீட்டில் எழுதுங்க: முதலில் கல்லையும் பாத்திரத்தையும் நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு பிடி பழைய அரிசியை ஊறவைத்து, தண்ணீர் விட்டு, பத்து நிமிஷம் ஆட்டிக் கீழே கொட்டிவிட வேண்டும். சாம்பல் நிறம் போய் வெள்ளையாக வரும் வரை இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் உளுந்து. சீட்டின் பின்பக்கத்தில் சர்வீஸ் நம்பரையும் வாங்கிய தேதியையும் எழுதி, பில், வாரண்டி அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து, கிரைண்டர் பாத்திரத்துக்குள்ளேயே போட்டு மூடிவிடுங்க. மூடியைத் திறந்ததும் முதலில் அவள் கையில் படுவது அதுவாக இருக்கட்டும்.